கடைசி வரிசை ஜெயம்மாள்

குரூப் போட்டோவிலிருந்து ஒரு ஆளை மட்டும் வெட்டித் தரச் சொல்லி வருகிறவர்களை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். அழுது வீங்கிய முகம். கையில் ஒரு கல்யாண போட்டோ, இல்லையென்றால் கம்பெனி போட்டோ. சாயங்காலத்துக்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாக வேண்டும். "தோ, பின்னாடி நிக்கறாரு பாருங்க, இவரை மட்டும் எடுத்துக் குடுங்க" என்பார்கள். அவர்கள் விரல் வைத்த இடத்தில் மூக்கு எது, வாய் எது என்றே தெரியாது. முன்னால் உட்கார்ந்த மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தான்வரை பளிச்சென்று இருக்கும். பின்னால் நின்ற மனுஷன் கரைத்த மாவு மாதிரி இருப்பார். போதாக்குறைக்கு அவர் தோளில் எவனாவது கை போட்டிருப்பான். அந்தக் கையை அழித்து, அந்த இடத்துக்குச் சட்டைத் துணியை ஒட்டி, காலரை நிமிர்த்தி முடிப்பதற்குள் எனக்குக் கண் பூத்துவிடும். எடுத்தவன் எவனோ. "இன்னாம்மா, மூஞ்சி தெளிவா இல்ல" என்று திட்டு வாங்குவது ஆம்பூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிற இந்த பிரிசில்லா.

ஜெயம்மாள் அப்படி வரவில்லை. நல்ல உயரம். ஷூ கம்பெனி யூனிஃபார்ம் கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு கத்தை லேமினேஷன் போட்டோக்களை எடுத்து என் மேஜைமேல் பரப்பினார். எல்லாமே கம்பெனி ஆயுத பூஜை போட்டோக்கள், வருஷத்துக்கு ஒன்று.

"இதுல ஒருத்தங்கள வெட்டிக் குடும்மா."

"யாரு அக்கா தவறிட்டாங்க?"

"இன்னும் யாரும் தவறல. நான்தான்."

எனக்குச் சுருக்கென்றது. விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது என்று கேட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாவகாசமாகச் சொன்னார்.

பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் வீடு. கல்யாணமான புதிதில் கம்பெனி பஸ் ஏறியவர். முதலில் தோலுக்குப் பசை தடவுகிற வேலை, அப்புறம் தையல் மெஷின். ஷூவின் மேல்பாகத்தை அங்கே அப்பர் என்பார்கள்; அதைத் தைத்துத் தைத்தே இரண்டு பையன்களையும் படிக்க வைத்தார். ஒருத்தன் ஓசூரில், ஒருத்தன் ஸ்ரீபெரும்புதூரில். வீட்டுக்காரர் பாண்டியன் லோடுமேன். ஈரத்தோல் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய், அதற்கப்புறம் ஆளே போய்விட்டார். பையன்கள் பதறியடித்து ஓடி வந்தார்கள். பேனருக்குப் படம் கேட்டதும் அவர்களுக்குக் கிடைத்தது ஆதார் கார்டு.

"ஆதார் போட்டோவ சுவரு ஒசரத்துக்கு அடிச்சி நிக்க வச்சிட்டானுங்கம்மா. அந்த ஆளு சிரிச்சா கன்னத்துல குழி வுழும். பேனர்ல பாத்தா போலீஸு தேடற திருடன் மாதிரி மொறைக்கிறாரு. மழை வந்து கிழிக்கிற வரைக்கும் எடுக்கவே இல்ல. தினம் காலைல பஸ் ஏற அதைத் தாண்டித்தான் போவணும். தலைய குனிஞ்சிக்கினே போவேன். எனக்கும் அந்த கதி வேணாம். நான் சிரிச்சா மாதிரி ஒண்ணு எடுத்து வச்சிடு. புள்ளைங்க கிட்ட சொல்லிடறேன்."

சரி என்று ஒவ்வொரு போட்டோவாக ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். ஆண்டவரே! ஒன்றிலாவது அந்த அம்மாவுக்குக் கண் இருக்க வேண்டுமே! எல்லாவற்றிலும் கடைசி வரிசை. உயரமாகப் பிறந்த பாவத்துக்கு எப்போதும் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். முக்கால்வாசிப் படங்களில் முதலாளி வாஹித் பாஷாவின் மூக்குக் கண்ணாடி ஜொலிக்கிறது, பின்னால் நிற்கிற பெண்கள் ஆவி மாதிரி மிதக்கிறார்கள். ஒரு வருஷம் முதலாளிகூடத் தெளிவில்லை. வரிசைக்கு முன்னால் பூஜை போட்ட தையல் மெஷினை வைத்திருந்தார்கள். கேமரா போய் அதன்மேல் கிடந்த சாமந்தி மாலையைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சாமந்தி இதழையும் எண்ணலாம். போன வருஷத்துப் படம் இன்னும் கொடுமை. ஹெச்.ஆர். ஆபீஸர் சுஹேல் அகமது புது போன் வாங்கிய ஜோரில் அதிலேயே எடுத்திருந்தார், அதுவும் பின்னால் இருப்பதையெல்லாம் மங்கலாக்குகிற போர்ட்ரெய்ட் மோடில்! அந்த போன் முன்வரிசையை மட்டும் மனுஷர்கள் என்று எடுத்துக்கொண்டு, மிச்சம் இருந்த அத்தனை பேரையும் செடிகொடியோடு சேர்த்து மங்கலாக்கிவிட்டது.

"இதான் நானா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

ஏ.ஐ. ஆப் ஒன்றில் போட்டுத் தெளிவாக்கிப் பார்த்தேன். அது சுறுசுறுப்பாக ஒரு முகத்தை வரைந்து கொடுத்தது. அழகான முகம், வரிசையான பல். ஆனால் ஜெயம்மாள் இல்லை.

"யாரு இவ? எங்க சின்ன சம்பந்தி மாதிரி இருக்கா. நான் செத்ததுக்கு இவ படத்தையா வைக்கறது?"

"அக்கா, எதுக்கு இந்த பேஜார்? உள்ள வாங்க. லைட்டு போட்டு நல்லா ஒண்ணு எடுத்துடறேன்" என்று கூட்டிப்போய் உட்கார வைத்தேன். அவ்வளவுதான். அதுவரை கையை ஆட்டி ஆட்டிப் பேசிய மனுஷி, கேமராவைப் பார்த்ததும் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து விறைத்துவிட்டார். சிரியுங்கள் என்றேன், பல் மட்டும் வெளியே வந்தது. கதை கேட்டேன், ஜோக் சொன்னேன், கேமராவைப் பார்க்க வேண்டாம் என்றேன். எடுத்த அத்தனையும் ஆதார் கார்டு.

"பாத்தியா? தனியா உக்கார வச்சா இப்பவே பொணமாட்டம் ஆயிடறேன். எனக்கு சிரிப்பு வர்றது எங்க தையல் லைன் பொம்பளைங்களோட நிக்கறப்பதான். அதுவும் சுந்தரி பக்கத்துல இருக்கணும்."

சுந்தரி அடுத்த மெஷின்காரி, பேர்ணாம்பட்டுப் பக்கம். அப்படியென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டி வாருங்கள் என்றேன். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு ஊர், ஒவ்வொரு பஸ். ஞாயிற்றுக்கிழமையில்தான் ஒரு வாரத்துத் துணி துவைக்கிறாளுங்க, எவள் வருவாள் என்றார். கம்பெனிக்குள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஆக, அவர்கள் எல்லாரும் ஒன்றாக நிற்கிற படம் வருஷத்தில் ஒன்றுதான். ஆயுத பூஜைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. அதற்கு அடுத்த மாதம் ஜெயம்மாள் ரிட்டயர் ஆகிறார். அடுத்த ஆயுத பூஜைக்கு அவருக்கு அந்த கேட்டுக்குள் வேலை இல்லை.

"சூப்ரவைசர் ஆதிகேசவன் கிட்ட சொல்லிட்டேன், இந்த வாட்டி ஸ்டுடியோக்காரம்மாவதான் கூப்பிடணும்னு. நீ வர்ற. என் மூஞ்சி தெளிவா வரணும். அவ்ளோதான்."

அவ்ளோதானாம்!

ஆயுத பூஜை அன்று ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு போனேன். மெஷினுக்கெல்லாம் பொட்டு, வாசலில் வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய், கையில் பொரிப் பொட்டலம். பெண்களெல்லாம் பட்டுப் புடவையில் ஆளே அடையாளம் தெரியாமல் இருந்தார்கள். ஷெட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் போதாது. வெளியே வெயிலில் நிற்க வைத்தால் எல்லாரும் கண்ணை இடுக்குவார்கள். குடோன் சுவரின் நிழல் நல்ல அகலமாக விழுந்திருந்தது. அங்கேதான் என்றேன்.

உடனே ஆதிகேசவன் மாலை போட்ட தையல் மெஷினைத் தூக்கி வந்து வரிசைக்கு முன்னால், எனக்கு மூக்குக்கு நேராக வைத்தார்.

"சார், அதை எடுங்க."

"அது எப்படிம்மா? பூஜையே அதுக்குத்தான்."

"முன்னாடி வச்சா கேமரா அதைத்தான் பாக்கும் சார். சேரு வரிசைலயே, மொதலாளிக்குப் பக்கத்துல வைங்க."

"மொதலாளிக்குச் சமமாவா?"

"சார், அது மெஷின் சார். சேர்ல உக்கார வைக்கல, பக்கத்துல வைக்கறோம்."

அதற்குக் கால் மணி நேரம். அதற்குள் சுஹேல் அகமது வந்தார். "மேடம், பின்னாடி நல்லா ப்ளர் குடுங்க. ரிச்சா இருக்கும்." நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பி, பின்னாடி நிக்கறது மனுஷங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனார். புரிந்ததா இல்லையா, ஆண்டவருக்கே வெளிச்சம்.

இதைச் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்கு ஒரே ஒரு தூரம்தான் தெளிவாகத் தெரியும். அதற்குக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே இருப்பவர்களைப் போனால் போகிறதென்று விட்டுவைக்கும். அதற்கு மேல் தள்ளி நின்றால் கரைத்துவிடும். லென்ஸ் துவாரத்தைச் சுருக்கினால் இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கும். எவ்வளவு சுருக்கினாலும், வரிசைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். இது ஒன்றுதான் நான் கேட்டது. நெருங்கி நில்லுங்கள். என்ன பெரிய வரமா கேட்டுவிட்டேன்?

நிற்க மாட்டார்கள்! முதலாளி வந்து நடு சேரில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் ஆபீஸ் ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு வண்டி போகிற அளவுக்கு இடைவெளி. அதற்கப்புறம்தான் பெண்கள். முதலாளி சேருக்குப் பின்னால் ஒட்டி நிற்பது மரியாதை இல்லையாம். அவர் தலைமேல் புடவைத் தலைப்புப் பட்டுவிட்டால்? இவர்கள் மூச்சு அவர் கழுத்தில் பட்டால்? இத்தனை வருஷமாக ஜெயம்மாளின் முகத்தைத் தின்றது இந்த மரியாதைதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"முன்னாடி வாங்கம்மா! இன்னும்! இன்னும் வாங்க!"

கத்தினேன். ஒவ்வொருத்தியும் அரை விரற்கடை நகர்ந்து, அடுத்தவளைப் பார்த்து, மறுபடி பழைய இடத்துக்கே போய்விட்டாள். தொண்டைத் தண்ணி வற்றிப்போனது. ஜெயம்மாளிடம் ஓடி, "நீங்களாவது இரண்டாவது வரிசைக்கு வந்து நில்லுங்களேன் அக்கா" என்று கெஞ்சினேன்.

"அங்க நின்னா மூச்சு வுடாம நிக்கணும். சிரிப்பு எப்டி வரும்? அதுவும் இல்லாம என் ஒசரத்துக்குப் பின்னாடி நாலு பேரு மறைஞ்சிடுவாளுங்க. அவளுங்க மூஞ்சி மட்டும் மூஞ்சி இல்லையா?"

நியாயம்தான். அந்த நேரத்தில் அந்த நியாயத்தைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. சுந்தரியோ வாத்து மாதிரிக் குட்டை. முன்னால் நிற்க வேண்டியவள். ஜெயம்மாளை விட்டு வரமாட்டேன் என்று பிளாஸ்டிக் கிரேட் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி, விழாமல் இருக்க ஜெயம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "ஜல்தி மா. நமாஸுக்குப் போவணும்."

எனக்கு எங்கிருந்து அந்த தைரியம் வந்ததோ. "மொதலாளி, அவங்க முன்னாடி வர மாட்டேங்கறாங்க. நீங்க கொஞ்சம் பின்னாடி போங்க" என்று சொல்லிவிட்டேன். ஆதிகேசவன் முகம் வெளுத்துவிட்டது. வாஹித் பாஷா திரும்பி அந்த இடைவெளியைப் பார்த்தார். எழுந்து, தன் சேரைத் தானே பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆபீஸ் ஆட்களும் அவசர அவசரமாக இழுத்தார்கள். அப்பாடா என்று கேமராவுக்குப் போய்ப் பார்த்தால், அதே இடைவெளி! சேர் எவ்வளவு பின்னால் போனதோ, அத்தனை பெண்களும் அவ்வளவு பின்னால் போயிருந்தார்கள்.

"ஏங்க்கா பின்னாடி போறீங்க?"

"மொதலாளி வர்றாரு இல்ல."

தலையில் அடித்துக்கொண்டேன். மறுபடி சேர் பின்னால் போனது. மறுபடி கூட்டம் பின்னால் போனது. சுந்தரி ஒவ்வொரு தடவையும் இறங்கி, கிரேட்டை இழுத்துப் போட்டு, ஏறி, தோளைப் பிடித்தாள். மெஷினைத் தூக்குகிறவர்களுக்கு வியர்த்து ஊற்றியது. முதலாளி நாற்காலியோடு துரத்துகிறார், இவர்கள் மரியாதையோடு ஓடுகிறார்கள். கடைசியில் குடோன் சுவர் வந்தது. அதற்கு மேல் போக இடமில்லை. அந்தச் சுவரைக் கட்டியவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

கடைசி வரிசை சுவரில் முதுகு ஒட்டி நின்றது. முதலாளி இன்னும் ஒரு தடவை சேரை இழுத்தார். இரண்டாவது வரிசை கடைசி வரிசைமேல் சாய்ந்தது. எல்லாரும் ஒரே நெருக்கம், எல்லாருக்கும் வெட்கம், எங்கோ ஒருத்தி களுக்கென்றாள்.

போட்டோக்காரர்களின் பாடம் என்னவோ, இப்படிப்பட்ட கூட்டத்தில் முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு உள்ளே ஃபோகஸ் குறி வை என்பதுதான். அன்றைக்கு நான் அந்தப் பாடத்தைத் தூக்கித் தூரப் போட்டேன். துவாரத்தை முடிந்தவரை சுருக்கினேன். குறியை நேராகக் கொண்டுபோய் ஜெயம்மாளின் கண்ணில் வைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விறைக்க ஆரம்பித்துவிட்டார். தாடை இறுகுகிறது. கேமராவுக்குள் எனக்கு ஆதார் கார்டு தெரிகிறது.

"அக்கா, இங்க பாக்காதீங்க!"

அந்த நேரத்தில் சுந்தரியின் கிரேட் சறுக்கியது. "யம்மாடி!" என்று அவள் ஜெயம்மாளின் தோளை இரண்டு மடங்கு கெட்டியாகப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே, "இன்னும் ஒரு வாட்டி மொதலாளி வந்தா, செவுத்த ஒடச்சிக்கினு அந்தாண்ட போயிடுவேன்" என்றாள். ஜெயம்மாள் வெடித்துச் சிரித்தார். சத்தம் வந்து எனக்குக் கேட்டது. நான் விரலை எடுக்கவே இல்லை. தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் எல்லாரும் அடங்கி, மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு நின்ற சில படங்களும் எடுத்தேன். உங்கள் லைனை மட்டும் தனியாக ஒன்று எடுக்கிறேன் என்று சொல்லி வாய் மூடவில்லை, பஸ்கள் ஹாரன் அடித்தன. பூசணிக்காயைத் தாண்டிக் குதித்து ஓடினார்கள்.

ராத்திரிவரை வைத்துக்கொள்ள மனசு கேட்கவில்லை. ஸ்டுடியோவுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரில் போட்டேன். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். ஜெயம்மாள் தலையைச் சற்றே பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். கண்ணோரத்துச் சுருக்கம், இமை மயிர், மூக்குத்திக் கல், முன்பல்லில் இருக்கிற சின்னச் சந்து, அத்தனையும் இருந்தது. வாய்விட்டு "தோத்திரம்!" என்றேன்.

ஆனால் முதலாளி? பின்னால் என்ன சத்தம் என்று முழுசாகத் திரும்பிவிட்டார். படத்தின் நடுவில் அவருடைய காதும் தொப்பியும்தான் இருந்தன. மறுநாள் சுஹேல் அகமது வந்து பார்த்தார். "ஐயோ மேடம், இது வேணாம். டெலீட் பண்ணிடுங்க. உம்முனு நிக்கறதே போதும். அதுல எல்லாரும் நேரா பாக்கறாங்க." சரி என்று தலையாட்டினேன். கம்பெனிக்கு அவர் கேட்டதை அடித்துக் கொடுத்தேன். அதிலும் எல்லாருக்கும் கண் மூக்கு இருந்தது, அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. டெலீட் மட்டும் செய்யவில்லை.

சனிக்கிழமை ஜெயம்மாள் வந்தார். தனியாக இல்லை, சுந்தரியையும் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறக்கிக் கூட்டி வந்திருந்தார். திரையைத் திருப்பிக் காட்டினேன். எத்தனையோ பேருக்கு அவர்கள் முகத்தைக் காட்டியிருக்கிறேன். தங்கள் படத்தைப் பார்த்து உடனே குறை சொல்லாத பெண்ணை நான் கண்டதில்லை. இவர் குறை எதுவும் தேடவில்லை. கிட்டே போய்ப் பார்த்தார். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"நான் இப்டியா சிரிக்கிறேன்?"

"தினம் இப்டித்தான் சிரிக்கற. மெஷின் சத்தத்த மீறி கேக்கும். எனக்குக் காது போனதே ஒன்னாலதான்" என்றாள் சுந்தரி.

"வெட்டிடட்டுமா அக்கா?" என்று மவுஸைப் பிடித்தேன்.

"வேணாம். அப்டியே முழுசா வை. பேனர்ல முழுசா போடட்டும்."

எனக்கு மறுபடியும் தலைவலி ஆரம்பித்தது. "அக்கா, கண்ணீர் அஞ்சலி பேனர்ல உசுரோட இருக்கற இத்தினி பேரைப் போடச் சொல்றீங்களா? ஊரே செருப்பெடுத்துக்கினு வரும்! மொதலாளி காது வேற இருக்குது அதுல!"

"இவளுங்கள வெட்டிட்டா நான் எதுக்கு சிரிக்கிறேன்னு எவனுக்குத் தெரியும்? புருஷன் செத்து, புள்ளைங்க தூரமா போயி, கெழவி தனியா நின்னு எதையோ பாத்து இளிச்சிக்கினு இருந்தான்னு நெனப்பானுங்க."

சுந்தரியைப் பார்த்தேன். அவள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "யக்கா, நீ எனக்கு உசுரு. அதுக்காக என் மூஞ்சிய அஞ்சலில போட்டா, எங்க வூட்ல என்னிய நெஜமாவே மேல அனுப்பிடுவாங்க."

நான் வேறு வழியில்லாமல் வெட்டத் தொடங்கினேன். முதலாளியின் காது போனது. மெஷின் போனது. முன்வரிசை போனது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராகப் போனார்கள். சுந்தரியின் முகமும் போனது. ஜெயம்மாள் மட்டும் மிஞ்சினார். அவர் தோளில் சுந்தரியின் கை. விழாமல் இருக்க இறுக்கிப் பிடித்த கை. தோள் பக்கம் புடவை கசங்கியிருந்தது. கையில் சிவப்புக் கண்ணாடி வளையல், எப்போதோ மெஷின் ஊசி ஏறிக் கறுத்துப்போன ஆள்காட்டி விரல் நகம், எல்லாம் அப்படியே தெளிவாக இருந்தது. பழக்க தோஷம், அழிப்பதற்கு அதன்மேல் மவுஸைக் கொண்டுபோனேன்.

ஜெயம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அதை அழிக்காத."

"அக்கா, பேனர்ல கை மட்டும் தனியா இருந்தா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"யாரோ புடிச்சிக்கினு இருக்காங்கன்னு சொல்லட்டும்."

சுந்தரி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். நகத்தைத் தடவினாள். "கைதானே. இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

பத்திரமாகச் சேர்த்து வைத்தேன். ஜெயம்மாள் பெரிய பையன் நம்பரை என்னிடம் கொடுத்தார், என் நம்பரைப் பையனுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். எப்போது வருவான் என்று தெரியாது, கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆனாலும் இது போய்விடக் கூடாது என்று மிரட்டினார். "நீங்க அவ்ளோ சீக்கிரம் அவன அனுப்பாதீங்க, எனக்கு நிறைய வேலை இருக்குது" என்று நானும் கத்தினேன். சிரித்துக்கொண்டே படி இறங்கினார். அந்தப் படிக்கட்டு கொஞ்சம் செங்குத்து. சுந்தரி தடுமாறாமல் இருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.